குடிக்காதவருக்கும் கணையம் வீங்கும்!

குடல் புண் உள்ளவர்கள் வீட்டில் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்

ராத்திரி பதினோரு மணி. பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். வயசு 28.

"என்னடா கண்ணா, பழையபடி போக ஆரம்பிச்சிடுச்சா?"

"இல்லம்மா, இது வேற மாதிரி இருக்கு. நெஞ்சுக்குழிக்குக் கீழ ஆரம்பிச்சு முதுகுல போய்க் குத்துது."

அம்மா ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கிறார். அப்பா தெருமுனை மருந்துக்கடைக்குப் போய் காஸ் மாத்திரை வாங்கி வருகிறார். ரெண்டு நாள் இப்படியே ஓடுகிறது. மூன்றாம் நாள் வாந்தியும் சேர்ந்துகொள்ள, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் லைபேஸ் அளவு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது. "கணையம் வீங்கியிருக்கு. தம்பி, குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்கிறார் டியூட்டி டாக்டர். அப்பாவின் முகம் இறுகிவிடுகிறது. "சத்தியமா இல்லப்பா" என்று பையன் சொல்வதை அவர் நம்பத் தயாராக இல்லை.

டாக்டரின் அடுத்த கேள்வி: "வேற ஏதாவது வியாதி இருக்கா? தினமும் மாத்திரை எதுவும் சாப்பிடறாரா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்று அம்மா அவசரமாக முந்திக்கொள்கிறார். காரணம், பக்கத்தில் நிற்பவர் பெண் வீட்டுக்குச் சொந்தக்காரர். நாலு வருஷமாகப் பையனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் கூடி வந்த சம்பந்தம் போய்விடுமே!

இது நாமாகக் கற்பனை செய்துகொண்ட குடும்பம்தான். ஆனால், எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. இதில் ரெண்டு தப்பு நடந்துவிட்டது. அப்பாவின் சந்தேகம் பையனின் மனசைப் புண்படுத்தும். அம்மாவின் மறைப்போ டாக்டரையே தப்பான பாதைக்குத் திருப்பிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

கணையம் எங்கே இருக்கிறது?

இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, குறுக்குவாட்டில் படுத்திருக்கும் உறுப்பு கணையம். பிள்ளைகள் பென்சில் பாக்ஸில் வைத்திருக்கும் சின்ன ஸ்கேல் நீளம்தான், ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். முதுகுப் பக்கமாக இருப்பதால்தான் அதில் வரும் வலி முதுகுக்கும் பரவுகிறது. நிமிர்ந்து படுத்தால் அதிகமாகும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை போலிருக்கும்.

இதற்கு ரெண்டு வேலை. ஒன்று, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது. இன்னொன்று, நாம் சாப்பிடும் எண்ணெய், பருப்பு, அரிசி எல்லாவற்றையும் செரிக்க வைக்கும் என்ஸைம்களைத் தயாரிப்பது. இந்தச் செரிமான நீர் ஒரு குழாய் வழியாக முன்சிறுகுடலுக்குள் போய் விழுகிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாயும் கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டியே வந்து அதே இடத்தில் சேர்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கணையத்தில் வரும் அழற்சிக்குப் பெயர் 'பாங்கிரியாட்டிடிஸ்'. பித்தப்பைக் கல்லும் குடியும்தான் இதற்கு முக்கியமான காரணங்கள். அதனால்தான் டாக்டர் எடுத்த எடுப்பில் குடியைப் பற்றிக் கேட்டார். கேட்க வேண்டியது அவர் கடமை. ஆனால் காரணங்கள் அந்த ரெண்டோடு முடிந்துவிடுவதில்லை.

குடலுக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம்?

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்ஸ் ரெண்டையும் சேர்த்து 'குடல் அழற்சி நோய்' என்கிறார்கள். கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்பூச்சைப் புண்ணாக்கும். ரத்தமும் சளியுமாகப் பேதி போகும். கிரோன்ஸ் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கே வேண்டுமானாலும் வரலாம். ஒரு காலத்தில் இவற்றை மேல்நாட்டு வியாதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது நம் நாட்டிலும் சாதாரணமாகப் பார்க்கிறோம்.

இந்த நோயாளிகளுக்குக் கணைய அழற்சி வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். காரணங்கள் இவை:

பித்தப்பைக் கல்: சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சும் இடம். கிரோன்ஸ் அந்த இடத்தைப் பாதித்தால் பித்தநீரின் சமச்சீர் கெட்டு, பித்தப்பையில் கல் சேர்கிறது. அந்தக் கல் நழுவி வந்து கணையக் குழாயின் வாசலில் அடைத்துக்கொள்ளலாம்.

மருந்து: குடல் நோய்க்குக் கொடுக்கும் அசாதயோப்ரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் 100 பேரில் மூன்று நாலு பேருக்குக் கணையம் வீங்குகிறது. பெரும்பாலும் மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே வரும். டாக்டர் மாத்திரையை நிறுத்தியதும் சரியாகிவிடும். அப்படி வந்தவருக்கு அந்த மருந்தை மறுபடி கொடுப்பதில்லை. மெசாலமின் மாத்திரையாலும் இது வரலாம், ஆனால் மிக அபூர்வம்.

மற்றவை: ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்போ கால்சியமோ மிதமிஞ்சி இருப்பது.

இவை எதுவும் இல்லாமலும் சிலருக்கு வருகிறது. அதில் ஒரு வகைதான் நாம் பேச வந்த 'ஆட்டோ இம்யூன் பாங்கிரியாட்டிடிஸ்'. நம் எதிர்ப்பு சக்தியே நம் கணையத்தைத் தாக்கும் நோய்.

வீட்டுக்காரரையே கடிக்கும் காவல் நாய்

திருடன் வந்தால் குரைத்து விரட்டத்தான் நாய் வளர்க்கிறோம். அதுவே ஆள் அடையாளம் தெரியாமல் வீட்டுக்காரரின் காலைக் கவ்வினால்? ஆட்டோ இம்யூன் நோய்கள் எல்லாமே இந்த ரகம்தான். கொலைட்டிஸில் ரத்த வெள்ளை அணுக்கள் பெருங்குடலின் உட்பூச்சுக்குள் புகுந்து புண்ணாக்குகின்றன. இந்தக் கணைய நோயிலும் அதே வெள்ளை அணுக்கள் கணையக் குழாயின் உட்பூச்சுக்குள் புகுந்து குழாயைச் சுருக்குகின்றன. ரெண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தாக்குதல். அதனால்தான் ரெண்டும் ஒரே ஆளுக்கு வருகின்றன என்று கருதுகிறார்கள். ஆனால் அடிப்படைக் காரணம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

இப்படி ஒரு கணைய நோய் உண்டு என்ற சந்தேகத்தை 1961-லேயே பிரான்ஸ் நாட்டு டாக்டர் சார்லஸும் அவர் குழுவினரும் எழுதி வைத்தார்கள். 'ஆட்டோ இம்யூன்' என்ற பெயரை 1995-ல் ஜப்பானிய டாக்டர்கள் சூட்டினார்கள். 2001-ல் ஜப்பானிலேயே இன்னொரு குழுவினர், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்புப் பொருள் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் மேல்நாட்டு நோயாளிகள் பலருக்கு அது ஏறவே இல்லை. அலசிப் பார்த்ததில் இது ரெண்டு வகை என்று தெளிவானது. 2011-ல் ரெண்டுக்கும் சேர்த்து உலகப் பொதுவான விதிமுறைகள் வெளியாயின.

முதல் வகை: பெரும்பாலும் அறுபதை ஒட்டிய ஆண்களுக்கு வரும். வலி அதிகம் இருக்காது, மஞ்சள் காமாலையாகத் தலைகாட்டும். ஐ.ஜி.ஜி.4 ஏறியிருக்கும். பித்தக்குழாய், உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம் என்று மற்ற உறுப்புகளையும் பதம் பார்க்கும்.

ரெண்டாம் வகை: இளைஞர்களுக்கும் நடுவயதுக்காரர்களுக்கும் வரும். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. சில குழந்தைகளுக்கும் வருவதுண்டு. கணையத்தோடு நிற்கும். ஐ.ஜி.ஜி.4 பெரும்பாலும் நார்மல். குடல் அழற்சி நோயோடு, முக்கியமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடு கைகோத்து வருவது இதுதான்.

பயந்துவிடாதீர்கள். குடல் அழற்சி நோய் உள்ளவர்களில் 100-க்கு ஒருவருக்குக்கூட இது வருவதில்லை. ஆனால் திருப்பிப் பார்த்தால் கணக்கே வேறு. ரெண்டாம் வகைக் கணைய நோய் வந்தவர்களில் கணிசமானவர்களுக்குக் குடல் நோயும் இருக்கிறது. சிலருக்குக் கணையம் முதலில் வீங்கி, குடல் நோய் பிற்பாடு தெரியவரும். அதனால் காரணம் தெரியாமல் கணையம் வீங்கிய ஒருவருக்குப் பேதியோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் போகும் வலி, வாந்தி, சாப்பிட்டதும் வலி கூடுவது. கணையத்தின் தலைப்பகுதி வீங்கிப் பித்தக்குழாயை நெருக்கினால் மஞ்சள் காமாலை. கண் மஞ்சளாகும், சிறுநீர் கருக்கும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். சிலருக்கு எடை இறங்கும்.

கொலைட்டிஸ் வலிக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. கொலைட்டிஸ் வலி பொதுவாக அடிவயிற்றிலோ இடப்பக்கமோ முறுக்கும், மலம் கழித்ததும் கொஞ்சம் அடங்கும். கணைய வலி பாத்ரூமுக்குப் போய் வந்தாலும் அப்படியே இருக்கும். நம் பையன் "இது வேற மாதிரி இருக்கு" என்று சொன்னானே, அந்த ஒரு வார்த்தை பெரிய துப்பு! நாள்பட்ட நோயாளிக்குத் தன் பழைய வலி அத்துப்படி. புது வலி என்று அவர் சொன்னால் வீட்டில் உள்ளவர்கள் காது கொடுக்க வேண்டும்.

லைபேஸ், அமிலேஸ் ரெண்டும் ரத்தத்தில் பார்க்கும் முதல் பரிசோதனைகள். நார்மலின் உச்ச அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறி, கூடவே வலியும் இருந்தால் கணைய அழற்சி என்று கொள்ளலாம். ஒரு விஷயம்: குடல் அழற்சி உள்ள சிலருக்கு வலியே இல்லாமல் இந்த அளவுகள் லேசாக ஏறியிருக்கும். ரிப்போர்ட்டில் அதை மட்டும் பார்த்துவிட்டுக் குடும்பமே கலங்க வேண்டியதில்லை, டாக்டரிடம் காட்டினால் போதும்.

அடுத்து ஸ்கேன். அல்ட்ராசவுண்டில் பித்தப்பைக் கல் தெரியும். சி.டி. ஸ்கேனில் சாதாரணக் கணையத்தின் ஓரம் மேடுபள்ளமாகத் தெரிய வேண்டும். இந்த நோயில் அந்த மேடுபள்ளம் மறைந்து, கொழுக்கட்டையை நீளமாகப் பிடித்து வைத்த மாதிரி வழவழவென்று பருத்திருக்கும். எம்.ஆர்.சி.பி. ஸ்கேனில் கணையக் குழாய் அங்கங்கே சுருங்கியிருப்பது தெரியும்.

ரெண்டு பக்கமும் பள்ளம்

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். சிலருக்குக் கணையம் முழுசும் வீங்காமல் ஒரு இடத்தில் மட்டும் கட்டி மாதிரி திரண்டிருக்கும். ஸ்கேனில் பார்த்தால் புற்றுநோய்க் கட்டி போலவே தெரியும். புற்றுநோய் என்றே நினைத்துப் பெரிய ஆபரேஷன் செய்து, எடுத்த பகுதியை லேபில் பார்த்தபோது புற்றுநோயே இல்லை, ஆட்டோ இம்யூன் நோய்தான் என்று தெரியவந்த சம்பவங்கள் உலகமெங்கும் நடந்திருக்கின்றன. மாத்திரையில் சரியாகியிருக்க வேண்டியதற்குக் கத்தி வைத்த கதை!

எதிர்ப்பக்கமும் பள்ளம்தான். உண்மையிலேயே புற்றுநோயாக இருந்து, 'ஆட்டோ இம்யூனாக இருக்கும்' என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால் பொன்னான காலம் போய்விடும்.

"ஐ.ஜி.ஜி.4 பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்கலாம். அதை மட்டும் நம்ப முடியாது. ரெண்டாம் வகையில் அது பெரும்பாலும் நார்மலாகவே வரும். கணையப் புற்றுநோய் உள்ள சிலருக்கு அது லேசாக ஏறியும் இருக்கும். அதனால், சந்தேகமான கட்டி என்றால் 'எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட்' செய்கிறார்கள். வாய் வழியாக மெல்லிய குழாயை இரைப்பைக்குள் விட்டு, அங்கிருந்து கணையத்தைக் கிட்டத்தில் பார்த்து, ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது. ரெண்டாம் வகையை நூற்றுக்கு நூறு உறுதி செய்வது இந்தத் துணுக்குதான்.

துணுக்கில் தெளிவு கிடைக்காமல் போனால்? நோயாளிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கிறது என்ற தகவலே டாக்டர்களின் தராசில் ஒரு பெரிய எடைக்கல். கணையத்தின் தோற்றம், கொலைட்டிஸ், ஸ்டீராய்டுக்குக் கிடைக்கும் பலன் மூன்றையும் சேர்த்துப் பார்த்து 'அநேகமாக ரெண்டாம் வகை' என்று முடிவெடுக்க உலக விதிமுறைகளே இடம் தருகின்றன. அம்மா மறைத்த விஷயத்தின் விலை இப்போது புரிகிறதா?

சிகிச்சை என்ன?

சிலருக்குத் தானாகவே வீக்கம் வடிந்துவிடும். மற்றவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரைதான் பிரதான மருந்து. பிரெட்னிசலோன் தினம் 30 முதல் 40 மில்லிகிராம் வரை ஆரம்பித்து, ரெண்டு வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வழக்கம். ஆட்டோ இம்யூன் நோயாக இருந்தால் வீக்கம் கண்கூடாகக் குறைந்திருக்கும். குறையவில்லை என்றால் டாக்டர்கள் நோயையே மறுபடி யோசிப்பார்கள். பலன் தெரிந்தால் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, சில மாதங்களில் நிறுத்துவார்கள்.

ரெண்டாம் வகையில் ஒரு நல்ல சேதி. சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வருவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. முதல் வகையில்தான் திரும்பத் திரும்ப வரும் தொல்லை அதிகம்.

ஸ்டீராய்டு விஷயத்தில் சில எச்சரிக்கைகள்:

* புற்றுநோய் இல்லை என்று முடிந்தவரை உறுதி செய்துகொள்ளாமல் 'கொடுத்துப் பார்ப்போம்' என்று ஆரம்பிக்கக் கூடாது.
* நம் நாட்டில் காசநோய் அதிகம். உள்ளே ஒளிந்திருக்கும் காசநோயை ஸ்டீராய்டு கிளப்பிவிடலாம். முன்பு வந்திருந்தாலும், வீட்டில் யாருக்காவது இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.
* சர்க்கரை ஏறும். வாரத்துக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
* வலி போய்விட்டதே என்று பட்டென்று நிறுத்தாதீர்கள். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டு அப்போது உறங்கிக் கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்கு ஆபத்து.
* பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

சாப்பாடு

கணையம் வீங்கினால் நாள்கணக்கில் பட்டினி போடுவது பழைய முறை. இப்போது வாந்தியும் வலியும் அடங்கியதும் டாக்டர் சொல்படி சீக்கிரமே ஆகாரம் தொடங்குகிறார்கள். கஞ்சி, இட்லி, குழைந்த ரசம் சாதம், மோர் சாதம் என்று எண்ணெய் குறைந்ததாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பஜ்ஜி, பூரி, நெய் ஒழுகும் பலகாரம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மது கூடவே கூடாது, சிகரெட்டும் அப்படித்தான். புகை கணையத்துக்குத் தனியாகவே விரோதி.

சிலருக்கு அழற்சி அடங்கிய பிறகும் கணையத்தில் என்ஸைம் போதுமான அளவு சுரக்காது. மலம் எண்ணெய்ப் பசையோடு, வெளுத்து, கெட்ட வாடையோடு போகும். தண்ணீர் ஊற்றினாலும் மிதக்கும். எடை குறையும். 'கொலைட்டிஸ் பேதிதான்' என்று இதை விட்டுவிடக் கூடாது. கொலைட்டிஸில் ரத்தமும் சளியும் போகும், இதில் எண்ணெய்ப் பசை. மலப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளும் என்ஸைம் மாத்திரைகள் இருக்கின்றன.

உங்கள் சந்தேகங்கள்

'வலி வந்தால் குடல் மாத்திரையை நாமே நிறுத்திவிடலாமா?'

நாமாக முடிவெடுக்க வேண்டாம். அதே நாளில் டாக்டரைப் பாருங்கள். அசாதயோப்ரின் புதிதாக ஆரம்பித்திருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர் சொல்வார். எல்லாவற்றையும் நிறுத்தினால் குடல் நோய் சீறிக்கொண்டு எழும்.

'இது தொற்றுநோயா?'

இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது.

'கல்யாணம் செய்துகொள்ளலாமா?'

தாராளமாக. நோய் அடங்கியிருக்கும்போது வேலை, குடும்பம், குழந்தை எல்லாம் மற்றவர்களைப் போலத்தான். குழந்தை பெறத் திட்டமிடும்போது மட்டும், ஆணோ பெண்ணோ, மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

'எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?'

தாங்க முடியாத மேல்வயிற்று வலி, நிற்காத வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சள், மூச்சு வாங்குவது, தலைசுற்றல், சிறுநீர் குறைவது. இதில் எது இருந்தாலும் காஸ் மாத்திரையோடு காத்திருக்காதீர்கள்.

வீட்டில் ஒரு ஃபைல்

குடல் நோய் உள்ளவர் வீட்டில் ஒரு ஃபைல் கட்டாயம் இருக்கட்டும். கொலோனாஸ்கோப்பி ரிப்போர்ட், பயாப்ஸி ரிப்போர்ட், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வொன்றும் ஆரம்பித்த தேதி, முன்பு எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அந்த ஃபைல் போகட்டும்.

இப்போது நம் கதைக்குத் திரும்புவோம். பெண் வீட்டுச் சொந்தக்காரர் காபி குடிக்கக் கேன்டீனுக்குப் போன நேரம். பையன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். "அம்மா, டாக்டர்கிட்ட சொல்லிடுங்கம்மா. உயிர் இருந்தாத்தானே கல்யாணம்?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போகிறார். "டாக்டர், காலையில நான் ஒரு விஷயத்தை மறைச்சிட்டேன்..." முழுசும் கேட்ட டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே, நல்லதாப் போச்சு" என்று கேஸ் ஷீட்டை எடுத்துப் புதிதாக ரெண்டு பரிசோதனைகள் எழுதுகிறார்.

வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, மெதுவாக வந்து பையன் தலையைத் தடவுகிறார். "உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்டா. மனசுல வெச்சுக்காதே."